கொடை மேளமும் கைப்பேசியும்: பீறலின் ஒரு சிறு வரலாறு

1930களின் இசைத்தட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி கேட்டால், அரக்கு கரகரப்புக்கு அடியில் நாயனம் நாயனமாகவே இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் மாஞ்சோலை எஸ்டேட்டில் ஒரு கோயில் கொடையில் போனில் பிடித்த நாயனத்தைக் கேட்டால், யாரோ தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கிறது. நடுவில் எண்பது வருஷ விஞ்ஞானம் நடந்திருக்கிறது. பிறகு ஏன் இப்படி?

இந்தக் கேள்வியை வேலையற்ற கேள்வி என்று தள்ளிவிட முடியாது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனி எடுத்த மலை அது. குத்தகை 2028இல் முடிகிறது. முடியும் முன்பே, 2024இல், கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து இறங்கச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று நாலு தலைமுறை லயன் வீடுகளில் இருந்தவர்களின் வாழ்க்கை மூட்டைகட்டப்பட்டுவிட்டது. கூலியையும் 1999 ஜூலை 23ஆம் தேதி தாமிரபரணிக் கரையில் போன 17 உயிர்களையும் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். எழுதியும் இருக்கிறார்கள். நான் கவலைப்படுவது சின்ன விஷயம். அந்த மலையின் கொடைகள் எப்படிக் கேட்டன என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி பெரும்பாலும் இறங்கி வந்தவர்களின் போன்களில்தான் இருக்கிறது. அந்தச் சாட்சியில் பாதி பீறிப்போய்க் கிடக்கிறது.

நான் கேட்டவரை எல்லாப் பதிவும் ஒரே இடத்தில்தான் பீறுகிறது. ஆரம்பத்தில் ஆட்கள் பேசுவது தெளிவாக இருக்கும். "ஏல, தள்ளி நில்லுல, படம் எடுக்கானுவல்லா" என்பதுகூடத் துல்லியமாக விழுந்திருக்கும். மேளம் ஏற ஏறக் கரகரக்கும். சாமி வருகிற கட்டத்தில், அதாவது உறுமியும் பம்பையும் தவிலும் சேர்ந்து இறுக்கி அடிக்க, பெண்கள் குலவை போட, ஆடுகிறவரின் கால் தரையில் நில்லாத அந்த நேரத்தில், ஒன்றுமே புரியாது. எதற்காகப் போனை எடுத்தார்களோ அதுதான் போய்விடுகிறது.

இது போனோடு தொடங்கிய வியாதி அல்ல. கிராமபோன் கம்பெனி 1902 நவம்பரில் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் இசைத்தட்டுகளைப் பதிவுசெய்தபோது மைக்கும் இல்லை, மின்சாரப் பெருக்கியும் இல்லை. ஒரு பெரிய கூம்பு. கூம்பின் கடைசியில் மெல்லிய சவ்வு. சவ்வில் ஒட்டிய ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். பாடுகிறவரின் மூச்சுக்காற்றேதான் ஊசியைத் தள்ள வேண்டும். அதனால் அந்தக் காலத்தின் பிரச்சினை தலைகீழ்: மெல்லிய சத்தம் விழாது. வயலின் விழவில்லை என்று வயலினுக்கே ஒரு கூம்பை மாட்டிச் செய்தார்கள். சத்தமான வாத்தியங்களுக்குக் கூம்பு நல்ல நண்பன். ஆனால் அந்த நட்புக்கும் எல்லை உண்டு. மிதமிஞ்சிப் போனால் ஊசி துள்ளிப் பக்கத்துக் கோட்டில் விழும், தட்டு வீண். கூம்புக்குக் கூட்டிக் குறைக்கிற திருகாணி கிடையாது. இருந்த ஒரே திருகாணி மனிதனின் கால்தான். உச்சஸ்தாயி வரும்போது பாடகரைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பதற்கென்றே பதிவு அறையில் ஆள் நிற்பார். அமெரிக்காவில் 1923இல் கிங் ஆலிவர் குழுவின் பதிவில் இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றவர்களை அமுக்கியதால், அவரை மட்டும் பல அடி தள்ளி மூலையில் நிறுத்தினார்கள் என்று ஜாஸ் வரலாற்றில் சொல்வார்கள். ஜாஸ்காரர்கள் பெரிய டிரம்மை அந்தக் காலப் பதிவுகளில் பெரும்பாலும் தவிர்த்தே விட்டார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பதிவு என்பது அப்போது ஒரு ஏற்பாடு. யார் எங்கே நிற்பது என்று யாராவது ஒருவர் யோசித்தாக வேண்டும். யோசிக்காவிட்டால் தட்டே விழாது.

1925க்குப் பிறகு மின்சாரப் பதிவு வந்தது. மைக், பெருக்கி, கூட்டிக் குறைக்கும் திருகாணி, அதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு பொறியாளர். ராஜரத்தினம் பிள்ளையின் தட்டுகள் இந்தக் காலத்தவை. அவர் பெரிய சபைகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் வந்த முதல் தலைமுறை. குட்டையான, கீச்சென்ற திமிரி நாயனத்திலிருந்து நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்துக்கு வழக்கத்தை நகர்த்தியவர் என்றும் அவரைச் சொல்வார்கள். மைக்குக்காக அவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பாரியின் குரல் மைக்குக்குத் தோதாக அமைந்துபோனது என்பதைத் தட்டைக் கேட்கிற யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் நம்ம ஆற்றங்கரைக்காரர். மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறு வழியாக இறங்கி, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டிக் கிழக்கே போனால் காருகுறிச்சி. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் இவருடைய நாயனமும் சேர்ந்து வரும் 'சிங்கார வேலனே தேவா' பாட்டைத் தெரியாதவர் கிடையாது. குரலும் நாயனமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகும். ஒரு கோயில் மண்டபத்தில் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குரல் காணாமல் போய்விடும். இரண்டையும் தனித்தனியே பதிவுசெய்து பிறகு சேர்த்தார்கள் என்றுதான் சினிமா வட்டாரத்தில் சொல்லிவருகிறார்கள். அதாவது நாம் ரசிக்கிற அந்த நெருக்கம் இயற்கையில் இல்லாதது. தூரத்தையும் அளவையும் யாரோ கணக்குப்போட்டு உண்டாக்கியது. நாகசுரத்தைக் குரலுக்குச் சமமாக உட்காரவைத்தது ஒலிப்பதிவாளரின் கை.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தொடங்கியது. பாளையங்கோட்டை ஸ்டூடியோவில் வில்லுப்பாட்டுக் குழு உட்கார்ந்தால், குடம் எங்கே, உடுக்கு எங்கே, புலவர் எங்கே என்று மைக் வைக்க ஆள் உண்டு. முள் சிவப்புக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை ஆட்டுவார். அதே 1963இல்தான் பிலிப்ஸ் கம்பெனி காசெட்டை அறிமுகம் செய்தது. நம்ம ஊர்க் கொடைகளுக்கு டேப் ரெக்கார்டர் வந்து சேர இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஆயிற்று. வந்ததும், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த ஆள் மறைந்தார். சின்ன டேப் ரெக்கார்டரில் அளவைத் தானாகச் சரிசெய்கிற சுற்று உள்ளேயே இருந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதும்.

ஆனாலும் பழைய காசெட்டுகளில் கொடை மேளம் அவ்வளவு கொடூரமாக இல்லை. காரணம் நாடாவின் சுபாவம். நாடாவில் பூசிய இரும்புத்தூள் கொள்ளளவு நிறைந்தால் மெதுவாகத்தான் மறுக்கும். அலையின் உச்சி மழுங்கி உருண்டையாகும், சத்தம் கொஞ்சம் தடித்துப்போகும். காதுக்கு அது சூடாகக்கூட இருக்கும். எண்வழிப் பதிவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. 16 பிட் கணக்கில் ஒரு நொடியை 44,100 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் எழுதுகிறார்கள். எழுத முடிந்த பெரிய எண் 32,767. அதற்கு மேல் எண்ணே இல்லை. தவில் அடி அதைத் தாண்டினால், தாண்டிய அத்தனை துண்டுக்கும் அதே 32,767தான். மலை உச்சியை அரிவாளால் சீவிவிட்ட மாதிரி அலை மொட்டையாகிவிடும். மொட்டையான விளிம்பிலிருந்து, வாத்தியத்தில் இல்லாத புதுப்புதுக் கீச்சு ஒலிகள் பிறக்கும். அதைத்தான் நாம் பீறல் என்கிறோம்.

போனின் தலையெழுத்து வேறு. அது பேச்சுக்குப் பிறந்தது. 2000களின் கேமரா போன்களில் வீடியோ எடுத்தால் ஒலி பெரும்பாலும் ஏ.எம்.ஆர். என்ற முறையில் சேரும். தொலைபேசி உரையாடலுக்காக 1999இல் தரமாக்கப்பட்ட முறை. அது ஒலியை அப்படியே சேமிப்பதில்லை. மனிதத் தொண்டை, வாய், நாக்கு இப்படித்தான் ஒலி எழுப்பும் என்று ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு, அந்த மாதிரிக்குள் வருகிற ஒலியைத் திணிக்கும். நொடிக்கு 8,000 துண்டுதான், ஆகவே 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தேறாது. நாயனத்தையும் இரண்டு தவிலையும் ஒரு தொண்டைக்குள் திணித்தால் என்ன ஆகும்? அந்தக் காலப் பதிவுகளில் மேளம் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோலக் கேட்பது அதனால்தான். அவற்றை ஒன்றும் செய்வதற்கில்லை. யார் வந்தார்கள், எந்தப் பாட்டு, எத்தனை மணிக்கு என்று குறித்துவைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

ஸ்மார்ட் போன் வந்ததும் அந்தத் தொண்டை போயிற்று, ஆனால் பேச்சுப் புத்தி போகவில்லை. ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபல் அளவில் இருக்கும். போனில் இருக்கிற கடுகளவு மைக்குகளில் பல 120 டெசிபல் பக்கம் தாங்க மாட்டாமல் திணறும். 60க்கும் 120க்கும் இடையே இரண்டு மடங்கு அல்ல, காற்றழுத்தத்தில் ஆயிரம் மடங்கு. அந்த ஆயிரம் மடங்கையும் ஒரு தவில்காரர் விரலில் கூடு மாட்டிக்கொண்டு, மைக் பக்கத்தில் இருந்தால், அநாயாசமாகக் கடந்துவிடுவார். இது விற்பனைக்கான விஷயம் என்று முதலில் கண்டுகொண்டது நோக்கியா. 2012இல் வந்த 808 பியூர்வியூ போனில் 140 டெசிபல் வரை பீறாமல் பிடிக்கும் மைக் என்று விளம்பரம் செய்தார்கள், ராக் கச்சேரிகளைக் காட்டி. அந்தச் சமயம் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் பெரிய தொழிற்சாலையும் ஓடிக்கொண்டிருந்தது. 2014இல் மூடினார்கள். கொடைக்குப் போன் கொண்டுபோன நம்ம ஆட்கள் கையில் இருந்தது வேறு, மலிவான போன்கள்.

மைக்கை விடவும் பெரிய வில்லன் தானியங்கி அளவுச் சரிசெய்தல். சத்தம் குறைவாக இருந்தால் போன் தானே காதைத் தீட்டிக்கொள்ளும், கூடினால் தானே பொத்திக்கொள்ளும். போனில் பேசுவதற்கு இது அருமை. மாஞ்சோலை மாதிரி இடத்தில் இதுவே வினை. ராத்திரி எஸ்டேட்டின் அமைதி நகரத்து அமைதி அல்ல. பஸ் இல்லை, கடை இல்லை. பனி இறங்கினால் அடுத்த லயனில் இருமுவது கேட்கும். அந்த அமைதியில் போன் தன் காதை முழுக்கத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும். அதன்மேல் விழுகிற முதல் தவில் அடி வெடிதான். உடனே பயந்து பொத்திக்கொள்ளும், நாயனம் சட்டென்று அமுங்கும். அடிக்கும் அடிக்கும் நடுவே மறுபடி திறக்கும். ஒவ்வொரு அடிக்கும் நாயனம் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும். கணியான் கூத்தின் மகுடத்துக்கு இது இன்னும் பெரிய அநியாயம். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்வதுதான் அதன் அழகு. போனில் உச்சம் மட்டும் கத்தும், மந்தம் அதன் நிழலில் அமுங்கிப்போகும். அண்ணாவி பாடுகிற கதை இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு திணறும்.

இன்னொரு கோளாறு போனுக்கு வெளியே இருக்கிறது. கொடை என்றால் மைக்செட் உண்டு. குழாய் ஸ்பீக்கர் மரத்தில் கட்டியிருக்கும். அதை முழுக்கத் திருகி வைத்திருப்பார்கள். அந்தக் குழாயிலிருந்து வருவதே பீறின சத்தம்தான். அதற்கு எதிரே நின்று உலகத்திலேயே சிறந்த கருவியில் பதிவுசெய்தாலும் பீறலின் தெளிவான பதிவுதான் கிடைக்கும். இதைச் சொன்னால் மைக்செட்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

அம்பாசமுத்திரம் பக்கத்துத் தவில்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மலைக்குப் பலமுறை மேளத்துக்குப் போனவர். "அண்ணாச்சி, நாங்க அடிக்கது நாலு லயனுக்குக் கேக்கணும்னுதாம். அதைக் கொண்டாந்து மூக்குக்கு முன்னால நீட்டுனா எப்படி? கொஞ்சம் தள்ளிப் போயிக் கேளுங்க, அங்கதாம் மேளம் சேரும்" என்றார். கூம்புக் காலத்துப் பதிவாளர்கள் சொன்னதும் இதைத்தானே. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் அழுத்தம் பாதியாகும், 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரிலிருந்து எட்டு மீட்டருக்குப் போனால் 18 டெசிபல், எட்டில் ஒரு பங்கு. பீறல் நிற்பதற்குப் பல சமயம் இதுவே போதும். தள்ளிப்போனால் தவிலும் நாயனமும் உறுமியும் ஒன்றோடொன்று கலந்து சேர்கின்றன என்பது கூடுதல் லாபம். உறுமியின் முனகல் எப்படியும் போனில் முழுசாக விழாது, ஆனால் பக்கத்தில் இருப்பதைவிடத் தள்ளியிருந்தால் மற்றதால் மறைக்கப்படாமல் கேட்கும்.

தூரத்தோடு இடமும் முக்கியம். குழாய்க்கு எதிரே வேண்டாம். குழாயின் முதுகுப்பக்கம், மேளக்காரர்கள் நேராகத் தெரிகிற இடம் நல்லது. குலவை போடுகிற பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் நிற்க வேண்டாம். தவிலைவிட அதிகப் பதிவுகளைக் கெடுத்திருப்பது போனுக்கு ஒரு முழம் தள்ளி எழுந்த குலவைதான். இரண்டு பாகம் தள்ளி எழுந்தால் அதே குலவைதான் பதிவின் உயிர். மைக் துளையில் பிளாஸ்திரி ஒட்டுகிற வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேல் சுரங்களைத்தான் அது முதலில் தின்னும். தவிலின் கனம் அப்படியே உள்ளே வந்து பீறும், நாயனத்தின் பளிச்சு மட்டும் போகும்.

அளவைக் கையால் வைக்க விடுகிற பதிவுச் செயலிகள் இப்போது நிறைய உள்ளன. 2016இல் வந்த ஆண்ட்ராய்ட் 7 முதல், மைக்கின் ஒலியைப் போனின் திருத்தல் இல்லாமல் எடுக்கவும் செயலிகளுக்கு வழி இருக்கிறது. எல்லாப் போனும் அதற்கு ஒத்துழைக்காது. ஒத்துழைத்தால் தானியங்கியை அணைத்துவிட்டு அளவைக் கீழே இறக்கி வைக்கலாம். எவ்வளவு கீழே என்றால், மேளம் சாதாரணமாக ஓடும்போது முள் உச்சத்துக்கு 12 டெசிபலாவது கீழே நிற்க வேண்டும். மேளக்காரர்கள் வந்ததும் தட்டிப் பார்க்கிற சத்தத்தை வைத்து அளவு வைக்கக் கூடாது. சாமி வருகிற நேரத்துச் சத்தம் அதைவிடப் பல மடங்கு. மெல்லிய பதிவைப் பிறகு பெருக்கிக்கொள்ளலாம், கொஞ்சம் இரைச்சல் கூடும், போகட்டும். இதிலும் ஒரு கண்ணி உண்டு: மைக்கே திணறினால் திரையில் முள் பாதியில் நிற்கும், சத்தம் மட்டும் பீறும். அளவு குறைவாகத்தானே இருக்கிறது என்று ஆட்கள் குழம்புவது இங்கேதான். அப்போது செயலியைத் திருகிப் பிரயோஜனமில்லை. காலைத்தான் எடுத்து வைக்க வேண்டும், ஆம்ஸ்ட்ராங்குக்குச் சொன்ன மாதிரி.

ஏற்கனவே பீறிக்கிடக்கிற பதிவுகளை என்ன செய்வது என்று மலையிலிருந்து இறங்கியவர்கள் கேட்கிறார்கள். சீவிப்போன உச்சியை ஊகித்து நிரப்புகிற வசதி ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே இருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சீவியிருந்தால் நன்றாகவே ஒட்டும். சாமி வரும் கட்டம் முழுக்க மொட்டையாகியிருந்தால், அது வரைவது அதன் கற்பனையை. வீட்டில் கேட்க அது போதும் என்றால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் சரிசெய்ததை வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது கூடாது. மெமரி கார்டில் இடமில்லை என்று அழிக்கிறார்கள். வாட்ஸப்பில் அனுப்பியாயிற்று, இருக்கிறதே என்கிறார்கள். வாட்ஸப்பில் வீடியோவாகப் போவது இன்னொரு முறை நசுக்கப்பட்ட பிரதி. பீறலுக்குள்ளும் தாளக்கட்டு இருக்கிறது, யார் பேசினார்கள் என்பது இருக்கிறது, எந்தக் கட்டத்தில் நாயனம் நின்று தவில் மட்டும் ஓடியது என்பது இருக்கிறது. நசுக்கிய பிரதியில் இவற்றைத் தேடுவது இரட்டை வேலை.

அதனால் இப்போதைக்கு நான் கேட்டுக்கொள்வது, எடுத்த போனிலிருந்தே கேபிள் போட்டுக் கோப்பை அப்படியே எடுத்துத் தாருங்கள் என்பதைத்தான். கோப்பின் பெயரை மாற்ற வேண்டாம், பெரும்பாலும் அதில்தான் தேதி இருக்கிறது. எந்த எஸ்டேட், எந்தக் கோயில், மேளம் எந்த ஊர் செட்டு, போன் பிடித்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே கொடுத்தால் போதும். ஒரே கொடையை நாலு பேர் நாலு இடத்திலிருந்து எடுத்திருப்பார்கள். முன்வரிசையில் நின்றவரின் பதிவு எப்படியும் பீறியிருக்கும். பின்னால், லயன் திண்ணையில் உட்கார்ந்தபடி, படம் சரியாக விழவில்லை என்று சலித்துக்கொண்டே யாராவது எடுத்திருந்தால் எனக்கு முதலில் அது வேண்டும்.